ஈஸ்ட் செல்லுக்குள் தங்கிவிடும் கிளைக்கோபுரதம்: சாப்பரோனைக் கூட்டலாமா?

ஆய்வு மாணவி, புவன விஸ்தா:
வணக்கம். சாக்கரோமைசிஸ் ஈஸ்ட்டில் மனிதக் கிளைக்கோபுரதம் (சர்க்கரைச் சங்கிலிகள் இணைந்த புரதம்) ஒன்றை உருவாக்கி வருகிறேன். மரபணு நன்றாக வெளிப்பட்டும், புரதத்தின் பெரும்பகுதி வளர்ப்பு ஊடகத்துக்கு வராமல் செல்லுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. புரதங்கள் சரியான வடிவில் மடிய உதவும் துணைப்புரதமான (சாப்பரோன்) கார்2-இன் அளவை உயர்த்தினால் சுரப்பு கூடுமா?

நொதித்தல் பொறியாளர், ஜூரோங்:
கூடும் என்று உறுதி கூற இயலாது. கார்2, மடியாத புரதத்தின் நீர்வெறுப்புப் பகுதிகளைப் பற்றி, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவிட்டு விடுவிக்கிறது. அளவுக்கு மிஞ்சினால் அதுவே புரதத்தை எண்டோபிளாச வலைப்பின்னலில் (சுரக்கப்படும் புரதங்கள் மடியும் செல் உறுப்பு) பிடித்து வைத்துக்கொள்வதும் உண்டு. டைசல்பைடு பிணைப்புகள் (கந்தக அணுக்களுக்கு இடையிலான பிணைப்புகள்) உள்ள புரதமென்றால், அவற்றைச் சரியாக அமைக்கும் பிடிஐ நொதியைத்தான் நான் முதலில் முயல்வேன். 1994-இல் வெளியான ஆய்வொன்றில், பிடிஐயை மிகுவித்தபோது மனிதப் பிடிஜிஎஃப் வளர்ச்சிக் காரணியின் சுரப்பு ஏறத்தாழ 10 மடங்கு உயர்ந்தது.

சர்க்கரை வேதியியலர்:
அதற்கு முன் புரதம் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள்; பலரும் தாண்டிச் செல்லும் படி இது. செல் சாற்றை, புரதத்திலிருந்து சர்க்கரைச் சங்கிலிகளை வெட்டும் எண்டோ எச் நொதி சேர்த்தும் சேர்க்காமலும் ஜெல்லில் ஓட்டி, வெஸ்டர்ன் பிளாட் (எதிர்ப்பொருளால் குறிப்பிட்ட புரதத்தைக் கண்டறியும் முறை) எடுங்கள். நொதி சேர்க்காத தடத்தில் தெளிவான பட்டை தெரிந்தால் புரதம் பெரும்பாலும் வலைப்பின்னலைத் தாண்டவில்லை. மேலே இழுபட்ட மங்கலான தீற்றல் தெரிந்தால், வலைப்பின்னலுக்கு அடுத்த உறுப்பான கோல்கையில் நீண்ட மானோஸ் சர்க்கரைச் சங்கிலிகள் சேர்ந்துவிட்டன என்று கொள்ளலாம். மேலும், பாலூட்டிச் செல்கள் சரியாக மடியாத கிளைக்கோபுரதத்துக்கு மீண்டும் குளுக்கோஸ் சேர்த்து, கால்நெக்சின் என்ற சாப்பரோனிடம் மறுவாய்ப்புக்கு அனுப்பும். சாக்கரோமைசிஸில் அந்த மறுசுழற்சி இல்லை. அங்கே எச்டிஎம்1 நொதி மானோஸை வெட்ட, யோஸ்9 புரதம் அந்த அடையாளத்தை அறிய, மடியாத புரதம் வலைப்பின்னல் சவ்விலுள்ள எச்ஆர்டி1 வழியாக, புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோமுக்குச் சிதைவதற்குச் செல்கிறது.

ஆய்வு மாணவி, புவன விஸ்தா:
மிக்க நன்றி. டைசல்பைடு பிணைப்புகள் இருக்கின்றன. எண்டோ எச் சோதனையை முடித்துவிட்டுப் பிடிஐக்குச் செல்கிறேன்.

நொதித்தல் பொறியாளர், ஜூரோங்:
அதோடு, வளர்ப்பு வெப்பநிலையை 30 டிகிரியிலிருந்து 20-க்குக் குறைத்தும் ஒரு குடுவை வையுங்கள். செலவில்லாத சோதனை.