துணிப்பை தைப்பதைத் தொழிலாக்கப் போகிறேன், எதை முதலில் செய்வது?

வணக்கம் நண்பர்களே. தெரிந்தவர்களுக்குத் துணிப்பை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது அதையே தொழிலாக்க முடிவு செய்துவிட்டேன். நோட்டைப் புரட்டினால் துணி, நூல், ஜிப் எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது, என் உழைப்புக்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை. ஒரு பை தைக்க 40 நிமிடம் ஆகிறது. அந்தக் கூலி, மின்சாரம், மெஷின் தேய்மானம் எல்லாம் சேர்த்துத்தானே விலை வைக்க வேண்டும்?

வீட்டுப் பணமும் தொழில் பணமும் கலந்துவிடுவதால் முதலில் தனி வங்கிக் கணக்கு தொடங்கலாம் என்றிருக்கிறேன். பெயர்ப் பதிவு, உரிமம், வரி இவற்றை நீங்கள் எந்த வரிசையில் முடித்தீர்கள்? பை வாங்கும் கடைக்காரர்கள் 30 நாள் கடன் கேட்கிறார்கள். பணம் வரும்வரை துணி வாங்கக் கையில் எவ்வளவு வைத்திருப்பது? ஆரம்பத்தில் நீங்கள் கோட்டை விட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள், ரொம்ப உதவியாக இருக்கும்.