49 வீதம் எண்டால் அரைவாசியோ?

கொக்குவில் கிற்றார்:
நேற்று ஒரு அண்ணை எழுதியிருந்தார், இப்ப வாற சுயாதீன, அதாவது பெரிய கொம்பனியளின்ர கையில இல்லாத, கிற்றார் பாண்டுகளின்ர முதல் அல்பம் ஒண்டும் கேக்கேலாதாம், 1994இல இங்கிலாந்துப் பாண்ட் ஒயாசிஸ் போட்டதுதான் கடைசிச் சுயாதீன அல்பமாம். வாசிச்சுப்போட்டு எனக்கு நித்திரை வரேல்லை. ஒயாசிஸின்ர அல்பத்தை வெளியிட்ட கொம்பனி கிரியேஷன். அதில 49 வீதத்தைப் பெரிய கொம்பனியான சோனி 1992இலயே வாங்கீட்டுது. பிறகென்ன சுயாதீனம்? ஐல் ஒஃப் வைட் தீவில இருந்து வந்த வெட் லெக் பாண்டைப் பாருங்கோ. 2022இல டொமினோ எண்ட சுயாதீனக் கொம்பனியில முதல் அல்பம், பிரித்தானியாவில முதலிடம், அடுத்த வருசம் கிராமி. சோனியின்ர சதம் காசு இல்லை.

பழைய கசற்:
அந்த அண்ணை நான்தான். வேலிக்குப் பின்னால நிண்டு கல்லெறியாமல் பேரைச் சொல்லி எழுதும். 49 எண்டால் பாதிக்குக் கீழ. கணக்கு வராட்டி ரியூசனுக்குப் போம்.

கொக்குவில் கிற்றார்:
வளவில அரைவாசியை மச்சானுக்கு எழுதிப்போட்டு, முழுக்க என்ர எண்டு வேலி அடைக்கிற கதை.

பழைய கசற்:
அரைவாசி இல்லை. 49.

நல்லூரான்:
இங்கிலிஷ் டீச்சரையும் சேருங்கோ. லீட்ஸ் பாண்ட். முதல் அல்பத்துக்கே 2024 மேர்க்குரி பரிசு.

பழைய கசற்:
அது ஐலண்ட் வெளியீடு. ஐலண்ட் முழுக்க யூனிவர்சல் எண்ட பெரிய கொம்பனியின்ர. 49 பிழை, 100 சரியோ? நல்ல நியாயம்.

கொக்குவில் கிற்றார்:
தம்பி நல்லூரான், உதவிக்கு வந்து எனக்கே ஆப்பு வைக்காதை.

மானிப்பாய் அக்கா:
2006இல ஆர்க்ரிக் மங்கீஸ் பாண்ட் தங்கட முதல் அல்பத்தை முதல் கிழமையிலயே 3 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல வித்தவை. அதுவும் டொமினோதான். அதைப் பற்றி ஒருத்தருக்கும் கதை இல்லையோ?

பழைய கசற்:
அது பிறகு, அக்கா. முதல் 49ஐ முடிப்பம்.

சென்னைவாசி:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். கிட்டார்னுதானே எழுதணும்? அது என்ன கிற்றார்?

நல்லூரான்:
எங்கட ஊரில கிற்றார்தான். உங்கட ஊரில நீங்கள் தட்டுங்கோ.

பழைய கசற்:
நடுவில ஆரும் வராதேங்கோ. 94இல இங்க யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக் கவிட்டு, டைனமோவில ரேப்புக்கு வயர் குடுத்து, என்ர தம்பி பெடலைச் சுத்தச் சுத்தக் கேட்ட அல்பம் அது. அவன் களைச்சால் பாட்டு இழுபடும். கோவத்தில சுத்தினால் பாடுறவன் கீச்சிடுவான். ஒரு பக்கம் முடிய அவனுக்கு ஒரு தோடம்பழ இனிப்பு. இப்ப காதுக்குள்ள ரெண்டு பஞ்சை வைச்சுக்கொண்டு கேக்கிறவை எனக்கு வெட் லெக் படிப்பிக்கினம்! கேட்டுத்தான் சொல்லுறன். பகிடிக்கு ரெண்டு பாட்டு, சரி. மிச்சம்? அதோட, அந்தக் கசற்றை இரவல் வாங்கிக்கொண்டுபோய் இண்டைவரைக்கும் தராத ஆள் இதுக்குள்ளதான் நிக்கிறார். ஊர் கொக்குவில்.

கொக்குவில் கிற்றார்:
தரேக்கையே நாடா அறுந்த கசற். நகப்பூச்சுப் போட்டு ஒட்டியிருந்தது. அதுசரி அண்ணை, அது என்ன கசற்? சோனி! அப்பவே உங்கட வீட்டுக்குள்ள சோனி வந்திட்டுது.

நல்லூரான்:
😂😂

பழைய கசற்:
சிரிக்கிற ஆள் ஐலண்டுக்கு முதல் பதில் சொல்லட்டும்.

மானிப்பாய் அக்கா:
மங்கீஸ்?

சென்னைவாசி:
அப்போ கிட்டார்னு எழுதலாமா, கூடாதா?

பழைய கசற்:
முதல் கசற்றைக் கொண்டுவந்து தரட்டும். 49, அரைவாசி இல்லை.