மைதானத்தின் நடுவில் நின்றபடி போனில் ஓடும் பாட்டை நிறுத்த என்ன ரிமோட் வாங்கலாம்?

வன்னி_ரீச்சர்:
வணக்கம். ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு சின்னப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளின் இசையும் அசைவும் நிகழ்ச்சி இந்த முறை என் தலையில் விழுந்திருக்கிறது. பாட்டு என் அன்ட்ரொய்ட் போனில், அதிலிருந்து வயர் பாடசாலை அம்ப்ளிபயருக்கு, இரண்டும் வேப்பமர நிழலில் மேசை மேல். நானும் பிள்ளைகளும் வெயிலில். முன்வரிசையில் ஒன்று இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் வலப்பக்கம் திரும்பினால் ஓடிப்போய்ப் பாட்டை நிறுத்தி, வந்து திருத்தி, திரும்ப ஓடிப்போய்ப் போட வேண்டும். பெரிய வகுப்புப் பிள்ளையை மேசையில் இருத்தலாம், ஆனால் அவளுக்கும் பாடம் இருக்கிறதே.

அம்ப்ளிபயரோடு வந்த ரிமோட் பென் டிரைவ் பாட்டை நிறுத்துகிறது. போன் பாட்டுக்குச் சத்தம் மட்டும்தான் கூடிக் குறைகிறது. வெயிலில் கொஞ்சம் தள்ளி நின்றால் அதுவும் வேலை செய்வதில்லை. போனுக்கென்று ரிமோட் இருக்கிறதா? டேட்டா தேவைப்படாத வழியென்றால் நல்லது, இங்கே சிக்னல் வரும், போகும்.

ஏ9_ஓரம்:
ரீச்சர், அந்த ரிமோட் அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்வது. வெயிலிலும் அதே ஒளி கொட்டிக் கிடக்கிறது, அதனால்தான் அம்ப்ளிபயரின் கண் தடுமாறுகிறது. வயரில் வருவதும் வெறும் சத்தம்தான், நிறுத்து என்ற கட்டளை அதன் வழியே திரும்பிப் போனுக்குப் போகாது. சில போன்களில் ரீவியை இயக்குகிற அகச்சிவப்பு வசதி இருக்கும், ஆனால் அது அனுப்ப மட்டும்தான், வாங்காது. ஆகவே வீட்டு ரீவி ரிமோட்டோடு மினக்கெட வேண்டாம்.

போன் சாமான் கடையில் புளூடூத் மீடியா பட்டன் கேளுங்கள். மோட்டார் சைக்கிள் ஹாண்டிலிலும் கார் ஸ்டியரிங்கிலும் பூட்டுவதற்கு வருவது, உள்ளங்கைக்குள் அடங்கும். நடுவில் ஓட்ட, நிறுத்த ஒரு பொத்தான், சுற்றிவர அடுத்த பாட்டு, முந்தின பாட்டு, சத்தம் கூட்ட, குறைக்க. போன் இதை ஒரு கீபோர்ட் போலத்தான் எடுத்துக்கொள்ளும், ஆகவே தனி ஆப்பும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். செல்பிக்கு விற்கிற ஒற்றைப் பொத்தானைக் காட்டி எல்லாம் ஒன்றுதான் என்று சொன்னால் வாங்காதீர்கள். அது பெரும்பாலும் சத்தம் கூட்டுகிற கட்டளையைத்தான் அனுப்பும், பிள்ளை பிழையாகத் திரும்பும்போது பாட்டு இன்னும் பலமாகக் கேட்கும்.

மாங்குளம்_பெடியன்:
இதுக்கேன் ரிமோட்? போனைக் கையில் வைத்துக்கொண்டு புளூடூத் ஸ்பீக்கருக்கு விட்டால் சரிதானே.

கிளிநொச்சி_சவுண்ட்:
தம்பி, உது வீட்டு முற்றத்துக்குச் சரி. போனில் வருகிற புளூடூத்துக்குச் சாதாரணமாக 10 மீற்றர் கணக்கு, வெளியில் கொஞ்சம் கூடப் போகும். ஆனால் அது 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை, மனித உடம்பில் இருக்கிற தண்ணீர் அதை உறிஞ்சிவிடும். இடையில் ஒரு வகுப்புப் பிள்ளைகள் நின்றால் பாட்டு விட்டு விட்டுக் கேட்கும், பிள்ளைகள் தாளத்தைத் தவறவிடுவார்கள். ரிமோட் என்றால் கட்டளை போய்ச் சேராவிட்டாலும் பாட்டு ஓடிக்கொண்டேதான் இருக்கும், நாலடி முன்னுக்கு வந்து இன்னொரு முறை அழுத்தினால் காணும். பாட்டு வயரில் போகட்டும், கட்டளை மட்டும் காற்றில் போகட்டும். நான் கோயில் திருவிழாவுக்கும் இப்படித்தான் செய்கிறேன்.

ரீச்சர், போனை அம்ப்ளிபயரின் இரும்புப் பெட்டிக்குப் பின்னால் வைக்காமல் உயரமாக, உங்களைப் பார்த்தபடி வையுங்கள். பிளைட் மோட் போட்டுவிட்டு புளூடூத்தை மட்டும் திறவுங்கள். இல்லாவிட்டால் அதிபர் பேசிக்கொண்டு நிற்கும்போது யாராவது அழைத்து, உங்கள் ரிங்டோன் ஊருக்கே கேட்கும். அழைப்பு வருகிற நேரம் வயரில் டிர்ர் டிர்ர் என்று இரைகிறதே, அதுவும் நின்றுவிடும். பாட்டை யூரியூப்பில் ஓட விடாதீர்கள், காசு கட்டாத கணக்கில் திரை அணைந்ததும் நின்றுவிடும், பைலாகவே போனில் இருக்கட்டும். பல ரிமோட்டுகள் கொஞ்ச நேரம் சும்மா கிடந்தால் தூங்கிப் போகும், முதல் அழுத்து எழுப்புவதற்கே சரி. தொடங்க முன் சத்தப் பொத்தானை ஒருக்கால் தட்டிப் பாருங்கள்.

முக்கியமான வேலை ரிமோட்டில் இல்லை, பாட்டில் இருக்கிறது. முழுப் பாட்டையும் ஒரே பைலாக வைத்தால் பிழை வந்த இடத்துக்குத் திரும்பிப் போக ரிமோட்டால் முடியாது, தொடக்கத்துக்குத்தான் போகும். வட்டம் போடும் இடம், வரிசை மாறும் இடம், கொடி தூக்கும் இடம் என்று வெட்டித் தனித்தனிப் பைலாகப் போடுங்கள். அப்புறம் பிள்ளை எங்கே பிழைவிட்டாலும் முந்தின பொத்தானை ஒருமுறை அழுத்தினால் பெரும்பாலான பிளேயர்களில் அந்தத் துண்டின் தொடக்கத்துக்கே வந்துவிடும். போட்டி நாளுக்கு மட்டும் முழுப் பாட்டு.

மல்லாவி_வாசகி:
வீட்டில் பழைய போன் ஒன்று சும்மா கிடந்தால் காசு செலவழிக்காமலும் செய்யலாம். மேசைப் போனில் விஎல்சி என்ற பாட்டுப் பிளேயரின் புதிய பதிப்பைப் போட்டு, செற்றிங்கில் ரிமோட் அக்சஸைத் திறவுங்கள். கையில் இருக்கும் போனில் ஹொட்ஸ்பொட் போட்டு மேசைப் போனை அதில் இணையுங்கள், விஎல்சி காட்டுகிற முகவரியைக் கைப்போனின் பிரவுசரில் அடித்தால் பாட்டு வரிசை முழுவதும் தெரியும். இரண்டு போனும் தங்களுக்குள்தான் பேசுகின்றன, டேட்டா போகாது. மேசைப் போன் பிளைட் மோட்டில் வைபையோடு இருக்கலாம். புளூடூத் ரிமோட்டை விடத் தூரமும் கூட. ஆனால் வெயிலில் திரையைப் பார்த்துத் தட்டுவது கரைச்சல், பொத்தான் என்றால் பார்க்காமலே அழுத்தலாம்.

வன்னி_ரீச்சர்:
எல்லாருக்கும் நன்றி. பாட்டை வெட்டுகிற யோசனை எனக்கு வரவே இல்லை, அதை இண்டைக்கே செய்கிறேன். ரிமோட் முல்லைத்தீவுக்குப் போகும்போது வாங்குகிறேன். பற்றரி எத்தனை நாளைக்கு நிற்கும்?

ஏ9_ஓரம்:
பெரும்பாலும் சிஆர்2032 வட்டப் பற்றரி, பாட்டு நிறுத்துகிற வேலைக்கு மாதக் கணக்கில் நிற்கும். ஆனால் சின்னப் பிள்ளைகள் நிற்கிற இடம், மூடி ஸ்குரூ போட்டுப் பூட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள். அந்தப் பற்றரியைப் பிள்ளை விழுங்கினால் 2 மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயை எரித்துவிடக் கூடும். பழையதைக் கழற்றினால் மேசையில் போட்டுவிட்டு வராதீர்கள். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே நேரே ஆஸ்பத்திரிக்குத்தான்.

வன்னி_ரீச்சர்:
சரி, கவனம் எடுக்கிறேன். இன்னொன்று. பெற்றோருக்கான சங்கீதக் கதிரைக்கும் நான்தான் பாட்டு. ஒவ்வொரு வருசமும் ரீச்சர் பார்த்துத்தான் நிறுத்தினவ என்று ஒரு சண்டை வரும்.

கிளிநொச்சி_சவுண்ட்:
ரிமோட்டை வேறு ஒரு ரீச்சரிடம் கொடுத்து, கதிரைகளுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் மேசைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும், எல்லாரும் உங்களைத்தான் பார்த்துக்கொண்டு ஓடுவார்கள்.