ஏழாம் வகுப்பு: பெண் ஆளுமைகளைப் பற்றி வாதிட்டு எழுதச் சொன்னால் வாழ்க்கை வரலாறுதான் வருகிறது

கேட்டவர்: நடுநிலைத் தமிழ்

அனைவருக்கும் வணக்கம். ஏழாம் வகுப்புக்கு 'நான் போற்றும் பெண் ஆளுமை' என்று தலைப்புக் கொடுத்து, வாசிப்பவர் மனம் மாறும்படி எழுதச் சொன்னேன். வந்த கட்டுரைகள் எல்லாம் ஒரே வார்ப்பு. "இவர் 1886ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்தார்" என்று தொடங்கி, படிப்பு, பதவி, விருது என்று போய், "நாமும் அவரைப் போல் வாழ்வோமாக" என்று முடிகின்றன. தகவல் பிழை அதிகம் இல்லை, ஆனால் வாதம் என்று எதுவுமே இல்லை. யாரிடம் எதற்காகச் சொல்கிறோம் என்பதே பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை.

கையில் இருப்பது 40 நிமிடப் பாடவேளைகள் நான்கு. பெரும்பாலான வீடுகளில் கணினி இல்லை, எனவே தேடிப் படித்து வரச் சொல்ல முடியாது. தலைப்பை எப்படி மாற்றலாம், எதை முதலில் சொல்லித்தர வேண்டும், எப்படி மதிப்பெண் போடலாம்?

பதில்: பட்டதாரி ஆசிரியர், விழுப்புரம்

டீச்சர், சிக்கல் தலைப்பிலேயே இருக்கிறது. ஒருவரை நான் போற்றுகிறேன் என்றால் அதை யாரும் மறுக்கப்போவதில்லை. மறுக்க ஆள் இல்லாத இடத்தில் வாதம் பிறக்காது. குழந்தை தனக்குத் தெரிந்த வரலாற்றைத்தான் எழுதும். 'முடியாது' என்று ஒருவர் சொல்லக்கூடிய கோரிக்கை வேண்டும், அந்த அதிகாரம் உள்ள ஆளும் வேண்டும். "நம் வகுப்பு நூலக அலமாரிக்கு யார் பெயரை வைக்கலாம்? தலைமையாசிரியருக்கு எழுதுங்கள்" என்று கொடுத்துப் பாருங்கள். ஆண்டுவிழாவில் தரும் கட்டுரைப் போட்டிக் கோப்பைக்குப் பெயர் என்றும் கேட்கலாம். பள்ளிக்கே பெயர் மாற்றம் என்று போகாதீர்கள். தலைமையாசிரியர் கையில் இல்லாததைக் கேட்டால், இது சும்மா பயிற்சிக்குத்தான் என்று பிள்ளைகள் உடனே கண்டுகொள்வார்கள். நல்ல கடிதத்துக்கு அவர் உண்மையிலேயே பதில் எழுதித்தர ஒப்புக்கொண்டால் இன்னும் சிறப்பு.

அடுத்தது தகவல். தேடச் சொல்லாமல் நீங்களே கொடுத்துவிடுங்கள். ஓர் ஏ4 தாளில் பன்னிரண்டு செய்திகளை அச்சிட்டு, ஒவ்வொன்றையும் தனித் துண்டாக வெட்டி, நால்வர் குழுவுக்கு ஓர் உறையில் போட்டுக் கொடுங்கள். மூன்று துண்டுகளை மட்டுமே பயன்படுத்தலாம் என்பது விதி. பன்னிரண்டில் நான்கைந்து, கோரிக்கைக்குச் சம்பந்தமே இல்லாதவையாக இருக்கட்டும். எதை எடுப்பது என்பதைவிட எதை ஒதுக்குவது என்று பேசும்போதுதான் வாதம் உருவாகிறது. துண்டு இல்லாமல் முழுப் பக்கமாகக் கொடுத்தால் மேலிருந்து கீழாகப் பார்த்து எழுதிவிடுவார்கள், திரும்பவும் வாழ்க்கை வரலாறு வரும்.

முத்துலட்சுமி ரெட்டியையே எடுத்துக்கொள்வோம். "1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார்" என்பது பெரிய சாதனை. ஆனால் நூலக அலமாரிக்கு அது சான்றாகாது. சுகாதார மன்றத்துக்குப் பெயர் கேட்டால் அதுதான் முதல் சான்று. அலமாரிக்குப் பொருந்துவது வேறு: புதுக்கோட்டை மகாராஜா கல்லூரி ஆண்களுக்கானது, அங்கே அவரைச் சேர்க்க எதிர்ப்பு எழுந்தது, மன்னர் அனுமதித்த பிறகே படிக்க முடிந்தது. ஆளை மாற்றாமல் கோரிக்கையை மட்டும் மாற்றினால் சான்றும் மாற வேண்டும் என்பதைப் பிள்ளைகள் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் போதும்.

மூன்றாவது, 'அதனால் என்ன?' என்ற கேள்வி. சான்று எழுதியதும் பக்கத்தில் இருப்பவர் சத்தமாக அதைக் கேட்க வேண்டும். எழுதியவர் பதில் சொல்லி, அந்தப் பதிலையே அடுத்த வரியாக எழுத வேண்டும். இப்படி வரும்:

"ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் முத்துலட்சுமி ரெட்டி எதிர்ப்புக்கு நடுவில் சேர்ந்து படித்தார். (அதனால் என்ன?) படிக்க ஆசைப்படும் ஒருவரை 'நீ வராதே' என்று தடுப்பது எவ்வளவு தவறு என்று அவருக்குத் தெரியும். (அதனால் என்ன?) நம் அலமாரியை யார் வேண்டுமானாலும் திறந்து புத்தகம் எடுக்கலாம். ஆகவே அவர் பெயரே அதற்குப் பொருத்தம்."

அடைப்புக்குறிக்குள் இருப்பதை நகலெடுக்கும்போது விட்டுவிட வேண்டும். ஒரு சான்றுக்கு இரண்டு முறை கேட்டால் போதும். மூன்றாவது முறை கேட்டால் "அதனால் நாடு முன்னேறும்" என்று எங்கோ போய்விடுகிறார்கள்.

முதல் பாடவேளை வாய்மொழி வாதத்துக்கு மட்டும், யாரும் பேனா எடுக்கக் கூடாது. இரண்டாவது, துண்டுகளைத் தேர்ந்தெடுக்க. மூன்றாவது, முதல் வரைவு. நான்காவது, திருத்தம். 150 சொற்களைத் தாண்ட வேண்டாம்.

பதில்: வரலாற்று ஆசிரியை

துண்டுகளைத் தயாரிக்கும்போது 'முதல்' என்ற சொல் வரும் இடங்களை மட்டும் தனியாகச் சரிபாருங்கள். குழந்தைகளுக்கு அதுதான் ஆகப் பெரிய சான்றாகத் தெரிகிறது, அதிகம் தவறுவதும் அங்கேதான். முத்துலட்சுமி ரெட்டியை 'இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்' என்று பல போட்டிக் கட்டுரைகளில் எழுதுகிறார்கள். அவர் பிறந்த 1886ஆம் ஆண்டிலேயே ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்றுவிட்டார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த முதல் பெண் என்பதும் சரியில்லை. 1870களிலேயே மேரி ஷார்லீப் அங்கே படித்திருக்கிறார். எதிர்தரப்பில் ஒருவருக்கு இது தெரிந்திருந்தால் ஒரு வரியில் முழு வாதமும் சரிந்துவிடும். 'முதல்' என்பதை எடுத்துவிட்டு, "1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார், அப்போது இங்கே பெண் மருத்துவர்கள் மிகச் சிலரே" என்று எழுதினாலும் வலு குறையவில்லை.

சிவகங்கை அரசி வேலு நாச்சியாரைத் தேர்ந்தெடுக்கும் குழுக்கள், அவர் படையில் இருந்ததாகச் சொல்லப்படும் குயிலியையும் சேர்த்தே எழுதும். தாராளமாக எழுதட்டும். ஆனால் மக்கள் வழக்கில் வாழும் செய்தியை "என்று மக்கள் சொல்கிறார்கள்" என்று எழுதப் பழக்குங்கள். எது ஆவணம், எது வழக்காறு என்று பிரித்துச் சொல்லும் எழுத்தை வாசிப்பவர் கூடுதலாக நம்புவார்.

கேட்டவர்: நடுநிலைத் தமிழ்

மிக்க நன்றி சார், மேடம். உறையில் துண்டுகள் என்பது எங்கள் வகுப்புக்குச் சரியாக வரும். இன்னொன்றும் கேட்க வேண்டும். மறுப்புக்குப் பதில் எழுதச் சொன்னால், "சிலர் இதை ஏற்க மாட்டார்கள். அவர்கள் சொல்வது தவறு" என்பதோடு நின்றுவிடுகிறது. அதை எப்படிப் பழக்குவது?

பதில்: கருத்தாளர், தமிழ்

அந்த 'சிலர்' யாரென்றே பிள்ளைக்குத் தெரியாது, அதனால்தான் அப்படி நிற்கிறது. மறுப்பை அதே பிள்ளையே கற்பனை செய்யக் கூடாது; எதிரில் இன்னொரு குழு வேண்டும். ஒரே கோரிக்கைக்கு மூன்று பெயர்கள் போட்டியிடட்டும்: முத்துலட்சுமி ரெட்டி, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள். வரைவுகளைக் குழுக்கள் மாற்றிக்கொண்டு, ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு மறுப்பு எழுதித் திருப்பித் தர வேண்டும். திட்டுவதோ கேலியோ கூடாது, கேள்வியாக இருக்க வேண்டும்.

அப்படி வரும் மறுப்புகள் கூர்மையாகவே இருக்கும். "முத்துலட்சுமி ரெட்டி பெயரில் அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டமே இருக்கிறது. ஜானகி அம்மாள் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?" இது நியாயமான கேள்வி. பதில் எழுத மூன்று படி: முதலில் ஒப்புக்கொள்வது, பிறகு திரும்புவது, கடைசியில் கோரிக்கையோடு இணைப்பது. "அவர் பெயரில் திட்டம் இருப்பது உண்மைதான். என்றாலும் அந்தத் திட்டம் அவரை மருத்துவராக மட்டுமே நினைவூட்டுகிறது. ஆதரவற்ற பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்க அவர் அவ்வை இல்லம் தொடங்கியதை நம் நூலக அலமாரி நினைவூட்டும்." ஒப்புக்கொள்ளும் வரியைத் தவிர்க்கத்தான் பிள்ளைகள் பார்ப்பார்கள், அதை எழுதினால் தோற்றுவிட்டோம் என்று நினைப்பார்கள். 'உண்மைதான், என்றாலும்' என்ற இரண்டையும் கரும்பலகையில் எழுதி அந்த வாரம் முழுக்க அழிக்காமல் வையுங்கள்.

ஜானகி அம்மாள் குழுவுக்கு நல்ல துண்டுகள்: 1897இல் தலச்சேரியில் பிறந்து சென்னையில் படித்தவர்; 1931இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்; கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் ஆராய்ச்சி செய்தவர்; 1977இல் பத்மஸ்ரீ. இராமாமிர்தம் அம்மையார் குழுவுக்கு: பெண் பிள்ளைகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து மேடையில் பேசியவர், 1936இல் அதைப் பற்றி நாவல் எழுதியவர், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் அவர் பெயரில்தான் இருக்கிறது. அக்கா அந்தப் பணம் வாங்கும் வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால், அந்தக் குழுவின் வாதம் தானாகச் சூடு பிடிக்கும்.

ஒன்பதாம் வகுப்பு என்றால் இன்னும் ஒரு படி போகலாம். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டசபையில் முத்துலட்சுமி ரெட்டி எடுத்த முயற்சியை, அப்படி நேர்ந்துவிடப்பட்ட தேவதாசிகள் சார்பில் எதிர்த்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பியவர். இரு தரப்பிலும் ஆற்றல் மிக்க பெண்கள். ஏழாம் வகுப்புக்கு இது வேண்டாம்.

பதில்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

விழுப்புரம் சார் சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. கடிதம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அனுப்புநர், பெறுநர், பொருள், உறைமேல் முகவரி என்று பாதிப் பாடவேளை போய்விடும். அந்த வடிவம் தேர்வுக்காக ஏற்கெனவே மனப்பாடம் ஆகியிருப்பதால் பிள்ளைகள் அதற்குள் போய் ஒளிந்துகொள்வார்கள். நடுப்பகுதியை மட்டும் முதலில் எழுத வையுங்கள். நான்காம் பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடத்தில் தலையும் காலும் சேர்த்துக்கொள்ளலாம்.

மதிப்பெண்ணை 20க்கு வைத்தால்: கோரிக்கை தெளிவாக இருப்பதற்கு 3, பொருந்தும் சான்றுகளுக்கு 6, சான்றைக் கோரிக்கையோடு இணைப்பதற்கு 6, மறுப்புக்குப் பதில் 3, எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி 2. எழுதத் தொடங்கும் முன்பே இதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். பிழைக்கு 2 தானா என்று தோன்றும். இந்த ஒரு பயிற்சிக்கு அப்படியே இருக்கட்டும். பிழைக்குப் பயந்தால் தெரிந்த வாக்கியத்தையே திரும்ப எழுதுவார்கள்.

'பெண்குலத்தின் மாணிக்கம்', 'வீரத்தின் விளைநிலம்' போன்ற மேடைச் சொற்களை அடித்துத் திருத்த வேண்டாம். கீழே கோடிட்டு, "இவர் செய்த எந்தச் செயலைப் பார்த்து இப்படிச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள். செயல் இருந்தால் அதை எழுதட்டும், அடைமொழி தானே உதிர்ந்துவிடும். முடிவில் 'அவரைப் போல் வாழ்வோம்' வேண்டாம். எதை, எப்போது, யார் செய்ய வேண்டும் என்று வரட்டும்: "அவர் பிறந்த ஜூலை 30 அன்று, காலை வழிபாட்டுக் கூட்டத்தில், தாங்கள் அலமாரிக்குப் பெயர்ப்பலகை மாட்ட வேண்டுகிறோம்."

பதில்: வரலாற்று ஆசிரியை

இதைச் சொல்லாமல் விட மனமில்லை. முத்துலட்சுமி ரெட்டி, இராமாமிர்தம் அம்மையார் இருவருக்குமே பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தொடாமல் துண்டு எழுத முடியாது. பன்னிரண்டு வயதுக்கு, "சின்னப் பெண் பிள்ளைகளை அவர்கள் விருப்பம் கேட்காமலே கோயிலுக்கு நேர்ந்துவிட்டார்கள், அதன் பிறகு அவர்களால் மற்றப் பெண்களைப் போலத் திருமணம் செய்துகொண்டு வாழ முடியவில்லை" என்ற அளவு போதும். அதை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்தது என்ற வரியையும் சேருங்கள். எந்தச் சாதிப் பெயரும் துண்டில் வேண்டாம். இணையத்தில் பார்த்து யாராவது வகுப்பில் கேட்டால், "விருப்பம் கேட்காமல் செய்தார்கள் என்பதுதான் தவறு, அந்தப் பிள்ளைகள் மேல் எந்தத் தவறும் இல்லை" என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். அதே வகுப்பில் அந்தச் சாதிப் பெயரால் புண்படக்கூடிய பிள்ளை உட்கார்ந்திருக்கலாம். மறுப்புகளை ஓரத்தில் எழுதி மாற்றிக்கொள்ளும் பாடவேளையில் தாள்களை நீங்கள் ஒருமுறை பார்த்த பிறகே எதிர்க்குழுவிடம் கொடுங்கள்.