பட்டிமன்றத்துக்காக: நேட்டோவின் 5-ஆவது பிரிவு சைபர் தாக்குதலைத் தடுக்குமா?

உமையாள் (தேவகோட்டை):
அடுத்த வாரம் காரைக்குடியில் கல்லூரிப் பட்டிமன்றம். ‘சைபர் தாக்குதலுக்கு ராணுவக் கூட்டணி அரணாகுமா?’ என்பது தலைப்பு. எங்களுக்கு ‘ஆகாது’ அணி. 2007-ல் எஸ்டோனியாவின் வங்கி, பத்திரிகை, அரசுத் தளங்கள் திணறின. 2022-ல் அல்பேனியாவின் அரசுச் சேவைகள் முடங்கின. இரண்டுமே அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த நேட்டோ ராணுவக் கூட்டணியின் உறுப்பு நாடுகள். ஓர் உறுப்பு நாட்டைத் தாக்கினால் எல்லாரையும் தாக்கியதாகக் கொள்ளும் அதன் 5-ஆவது பிரிவை இரண்டு முறையும் யாரும் கையில் எடுக்கவில்லை. அப்புறம் அது ஏட்டுச் சுரைக்காய்தானே? அடிபட்ட நாட்டில் முதல் நாளிலிருந்து என்ன நடக்கும் என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சொக்கலிங்கம் (காரைக்குடி):
தங்கச்சி, இந்த வாதத்தோடு மேடையேறினால் எதிரணி மடக்கிவிடும். அந்தப் பிரிவு இதுவரை ஒரே ஒரு முறைதான், 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, நடைமுறைக்கு வந்தது. 2007-ல் சைபர் தாக்குதல் அதற்குள் அடங்குமா என்பதே முடிவாகவில்லை. 2014 வேல்ஸ் மாநாட்டில்தான் அடங்கும் என்றார்கள். 2021-ல், சிறு தாக்குதல்கள் பல சேர்ந்தாலும் ஆயுதத் தாக்குதலாகக் கொள்ளலாம் என்றார்கள். எந்த அளவைத் தாண்டினால் என்று மட்டும் சொல்லவில்லை, வேண்டுமென்றேதான். நூறு கோடி நஷ்டம்தான் எல்லை என்று அறிவித்தால் எதிரி தொண்ணூற்றொன்பதில் நிறுத்திக்கொள்வான். தவிர, அந்தப் பிரிவின்படி ஒவ்வொரு நாடும் தனக்குத் தேவையென்று படுவதைச் செய்தால் போதும். குண்டு போட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

முதல் நாள் வேலை படைத் தளபதியுடையது அல்ல, கணினி ஆட்களுடையது. வலைப்பின்னல் கேபிளைக் கழற்ற வேண்டும், கணினியை அணைக்கக் கூடாது. அணைத்தால் ராமில் (கணினி ஓடும்போது மட்டும் தரவை வைத்திருக்கும் நினைவகம்) இருக்கும் தடயம் போய்விடும். முதலில் ராமின் நகல், பிறகு ஹார்ட் டிஸ்க்கின் நகல், இரண்டுக்கும் ஹாஷ் குறிப்பு (நகல் மாறவில்லை என்று காட்டும் எண் முத்திரை). இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: வைப்பர் என்ற அழிப்பு நிரல் கண்ணெதிரே கோப்புகளை அழித்துக்கொண்டிருந்தால் பிளக்கைப் பிடுங்குவதே சரி. பெரும்பாலும் கெடுவது இந்தக் கட்டத்தில்தான். சேவையைச் சீக்கிரம் மீட்கும் அவசரத்தில் எல்லாவற்றையும் ஃபார்மேட் செய்துவிடுவார்கள். அதன் பிறகு யார் செய்தது என்று நிரூபிக்க ஒன்றும் மிஞ்சாது.

தடயங்கள் கூட்டாளி நாடுகளுக்குப் போகும். அங்கே அதே மால்வேர் (தீய மென்பொருள்), அதே ஐபி முகவரி தென்படுகிறதா என்று தேடுவார்கள். வேண்டுமானால் 4-ஆவது பிரிவின்படி கலந்தாலோசனை கேட்கலாம். பிறகு கூட்டாகப் பெயர் சொல்வது, தூதர்களை வெளியேற்றுவது, பொருளாதாரத் தடை. பெயர் சொல்லத்தான் நாளாகிறது. 2017 ஜூனில் நடந்த நாட்பெட்யா என்ற மால்வேர் தாக்குதலுக்கு ரஷ்ய ராணுவமே பொறுப்பு என்று பிரிட்டனும் அமெரிக்காவும் சொன்னது 2018 பிப்ரவரியில். 2022 பிப்ரவரி 24-ல் வியாசாட் நிறுவனத்தின் செயற்கைக்கோள் இணைய மோடம்கள் செத்தபோது அறிவிப்பு மே 10-லேயே வந்துவிட்டது. அல்பேனியாவும் சும்மா இருக்கவில்லை. ஜூலைத் தாக்குதலுக்குச் செப்டம்பர் 7-ல் ஈரானோடு உறவை முறித்து, தூதரக ஊழியர்களுக்கு 24 மணி நேரக் கெடு கொடுத்தது.

வள்ளியம்மை (கானாடுகாத்தான்):
சொக்கலிங்கம் அண்ணன் சொன்னது சரி. ஆனால் தண்டனை பயத்தைவிட, அடித்தாலும் பலனில்லை என்று எதிரிக்குப் புரியவைப்பதே வலுவான தடுப்பு என்பது என் கருத்து. நாட்பெட்யா உக்ரைனின் மீடாக் என்ற கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாகப் புகுந்தது. முகப்பில் நாலு பூட்டுப் போட்டு, அடுத்த தெருவில் திறக்கும் பின்கட்டுக் கதவை மறந்த நம்மூர் வீடு மாதிரி. உக்ரைனை நோக்கி எறிந்தது டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைச் சாய்த்தது. மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் நடத்தும் முனையமும் நின்றது. பத்து நாளில் 4,000 சர்வர், 45,000 கணினிகளில் எல்லாவற்றையும் மறுபடி நிறுவினார்கள். யார் உள்ளே வரலாம் என்று முடிவு செய்யும் டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள் ஒன்றையொன்று நகலெடுத்துக்கொண்டதால் எல்லாமே ஒரே நேரத்தில் அழிந்தன. கானாவில் மின்வெட்டால் அணைந்திருந்த ஒன்று மட்டும் தப்பியது. வலைப்பின்னலோடு ஒட்டாத பேக்கப் ஒன்று எப்போதும் வேண்டும் என்பது இதற்காகத்தான். எஸ்டோனியத் தலைநகர் தாலினில் 2010 முதல் நடக்கும் லாக்டு ஷீல்ட்ஸ் கூட்டுப் பயிற்சியிலும் தாக்குதல் நடக்கும்போதே தற்காத்து, சேவையைத் தொடர்வதுதான் பாடம்.

உங்கள் அணிக்கு இன்னொரு எச்சரிக்கை. உக்ரைனில் 2015 டிசம்பரில் சுமார் 2,25,000 இணைப்புகளுக்கு மின்சாரத்தைத் துண்டித்தார்கள்; அடுத்த ஆண்டு கீவிலும் அதே. உக்ரைன் நேட்டோ உறுப்பினர் இல்லை. பக்கத்து உறுப்பு நாடுகளில் ஏன் அந்த அளவுக்குப் போகவில்லை என்று எதிரணி கட்டாயம் கேட்கும். கூட்டணிதான் காரணம் என்று அவர்களாலும் நிரூபிக்க முடியாது, ஆனால் பதில் தயாராக இருக்கட்டும்.

உமையாள் (தேவகோட்டை):
நன்றி அண்ணே, நன்றி ஆச்சி. எந்தக் கூட்டணியிலும் இல்லாத இந்தியாவுக்கு?

சொக்கலிங்கம் (காரைக்குடி):
வீட்டுப் பாதுகாப்பை நாமேதான் பார்த்துக்கொள்கிறோம். இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் இட்ட உத்தரவுப்படி, சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும், கணினியில் நடப்பவற்றின் லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். 2019-ல் கூடங்குளத்தில் மால்வேர் இருந்தது நிர்வாகக் கணினியில். உலைக் கட்டுப்பாட்டு வலைப்பின்னல் தனியாக இருந்ததால் அங்கே போகவில்லை. வாதத்தை நேட்டோவோடு நிறுத்தாதீர்கள்: ஆஸ்திரேலியாவோடு 2011-லும் ஜப்பானோடு 2019-லும், தங்கள் பாதுகாப்பு ஒப்பந்தம் சைபர் தாக்குதலுக்கும் பொருந்தலாம் என்று அமெரிக்கா அறிவித்திருக்கிறது.