வில்பத்துக்கு மூன்று நாள்: குடிதண்ணியை எதில, எவ்வளவு கொண்டு போறது?

கைதடியான்:
ஆடியில நாலு பேர் சொந்த டபுள் கப்பில வில்பத்துத் தேசியப் பூங்காவுக்குப் போறம். இரண்டு இரவு கூடாரத்தில தங்கல். வீட்டுக் கிணற்றுத் தண்ணியைக் கொதிக்க வைச்சு, 100 லீற்றர் பீப்பா ஒன்றில நிரப்பி, கூரைக் கரியரில கட்டுவம் எண்டு யோசனை. காணுமோ? குறைஞ்சால் வில்லு (காட்டுக்குள்ள இருக்கிற இயற்கைக் குளம்) தண்ணியை வடிகட்டிக் குடிக்கலாமோ?

தொண்டைமானாறு:
கூரையில தயவுசெய்து ஏத்தாதேங்கோ. 100 லீற்றர் எண்டால் 100 கிலோ. கன கரியர்கள் ஓட்டத்தில தாங்கிறதே 75 – 100 கிலோதான். மணல் தடத்தில மேல்பாரம் வண்டியைச் சரிக்கும். பீப்பா பாதியாகினால் தண்ணி அலைஞ்சு இன்னும் மோசம். ஒரு வெடிப்பு விழுந்தால் எல்லாருடைய தண்ணியும் ஒரேயடியாகப் போயிடும்.

கணக்கு இப்பிடி: அந்த வெயிலுக்கு ஆளுக்கு நாளுக்குக் குடிக்க 4 லீற்றர், சோறு தேத்தண்ணிக்கு 2. வழிகாட்டி ஏறினால் அவரையும் சேர்த்து 5 பேர். 5 × 6 × 3 = 90 லீற்றர். வண்டி புதைஞ்சு ஒரு நாள் பிந்தினால் எண்டு இன்னுமொரு 30. ஆக, 20 லீற்றர் கான் ஆறு. கழுவ வேற ஒரு கான், வேற நிறத்தில. எல்லாத்தையும் பின்தட்டில, கபினோடு ஒட்டி, நிமிர்த்தி வைச்சுப் பட்டியால இறுக்குங்கோ. கடைசிக் கானைத் திரும்பிப் பூங்கா வாசல் வரும்வரை திறக்கக் கூடாது.

ஓட்டத்தில குழாயைக் கழற்றி மூடியைப் போடுங்கோ. குலுக்கலில முதல்ல முறியிறது குழாய்க் கழுத்து, அடுத்தது வாஷர். இரண்டிலயும் மேலதிகமாக ஒவ்வொன்று வைச்சிருங்கோ.

உப்பாறு:
கொதிக்க வைக்கிறதைப் பற்றி ஒன்று. கொதிச்ச தண்ணி ஊத்தைக் கானுக்குள்ள போனால் திரும்பவும் கிருமிதான். காவல் ஒன்றும் மிஞ்சாது. நைத்திரேற்றும் உவரும் கொதிச்சாலும் போகாது, வத்த வத்தச் செறிவுதான் கூடும். தோட்டக்காணிக்குப் பக்கத்துக் கிணறு எண்டால் ஆர்.ஓ. தண்ணியையே (சவ்வால வடிச்சு உப்பு நீக்கினது) நிரப்புங்கோ.

முதல்ல கானைக் கழுவுங்கோ: 1 லீற்றர் தண்ணிக்கு 1 தேக்கரண்டி வாசனை சேராத 5 – 6 வீத குளோரின் பிளீச், நல்லாக் குலுக்கி, அரை நிமிசம் விட்டு, அலசுங்கோ. பிறகு நிரப்பின 20 லீற்றருக்கு 2 மில்லிலீற்றர் விட்டு 30 நிமிசம் பொறுங்கோ. மெல்லிய குளோரின் மணம் இருக்க வேணும். இல்லாட்டி இன்னொருக்கால் அதே அளவு விட்டு 15 நிமிசம். ஊடு தெரியாத கானாகவும் இருக்க வேணும். வெயில் பட்டால் பாசி பிடிக்கும். பெற்றோல் இருந்த கானை எத்தனை தரம் கழுவினாலும் வேண்டாம்.

மணற்காடு:
வில்லுத் தண்ணி கடைசி வழி மட்டும். கரையில முதலை கிடக்கும், தனிய இறங்காதேங்கோ. அள்ளினால் தேத்தாங்கொட்டை உரைச்சுத் தெளிய விடலாம்; அது மண்ணை இறக்கும், கிருமியைக் கொல்லாது. தெளிஞ்சதைத் துணியால வடிச்சு, கொப்பளிச்சுக் கொதிக்க 1 நிமிசம் விடுங்கோ. குளோரினை மட்டும் நம்பினால் கிரிப்டோஸ்போரிடியம் எண்ட வயித்தோட்டக் கிருமி தப்பிவிடும். 0.1 மைக்ரோன் வடிகட்டி அதைப் பிடிக்கும், வைரசை விடும். உப்பை இரண்டும் தொடாது.

வயித்தோட்டம் வந்தால் 1 லீற்றர் சுத்தத் தண்ணிக்குத் தட்டின 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. அந்தப் பிந்தின நாளுக்கான 30 லீற்றரில இதுக்கும் பங்கு இருக்கு.

கைதடியான்:
நன்றி அண்ணைமார். பீப்பாவை விட்டிட்டம், ஏழு கான் எடுக்கிறம். வவுனியாவில நிரப்பினால் யாழ்ப்பாணத்திலயிருந்து பாரம் இழுக்கத் தேவையில்லை அல்லோ?

தொண்டைமானாறு:
ஓம், ஆனால் கழுவிக் காய வைச்ச கானோட போங்கோ. அங்கயும் ஆர்.ஓ. தண்ணிதான், கிணற்றுத் தண்ணி வேண்டாம், வன்னியில கனக் கிணறுகள் கடினத் தண்ணி. நிரப்பின உடனேயே குளோரினை விட்டால் பூங்கா வாசலுக்குப் போக முதல் 30 நிமிசம் தாராளமாகக் கழிஞ்சிடும்.