ட்ரில் மண்டபம் பற்றி ஒரு உதவி வேணும்

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். மட்டக்களப்புப் பழைய கட்டிடங்கள் பற்றி ஒரு கட்டுரை எழுதுறன். ட்ரில் மண்டபம், அதாவது பகுதிநேரப் படைக்காரர் பயிற்சி எடுக்கிற கட்டிடம், எண்ட இடத்தில தட்டி நிக்குது.

வெள்ளைக்காரன் காலத்தில, 1881ல, இலங்கையில பகுதிநேரத் தொண்டர் படை தொடங்கினது. 1910ல அது இலங்கைப் பாதுகாப்புப் படை ஆனது. சீவியத்துக்கு வேற வேலை, மிச்ச நேரத்தில பயிற்சி. இவங்க எங்க நிண்டு பழகினாங்க எண்டதுதான் என்ட கேள்வி.

பிரித்தானியாவில 1859ல தொண்டர் படை கிளம்பினபோது சொந்த இடம் இல்லாம களஞ்சியம், நகர மண்டபம் எண்டு அலைஞ்சாங்க. பிறகுதான் ஊர் ஊரா ட்ரில் மண்டபம் எழும்பினது: நடுவில தூணில்லாத பெரிய மண்டபம், துப்பாக்கி வைக்கப் பூட்டுப்போட்ட அறை, பக்கத்திலயே காவல்காரனுக்கு வீடு. 1908ல தொண்டர் படையை மாத்தியமைச்சுப் பிராந்தியப் படை வந்த பிறகு இடம் தேடிக் குடுக்கிற பொறுப்பு கவுண்டிச் சங்கங்களுக்கு (கவுண்டி எண்டா எங்கட மாவட்டம் மாதிரி) போனது. ஆயுதத்தையும் மனிசரையும் ஒரே கூரைக்குக் கீழ வைக்க வேணுமே!

எங்கட பக்கம் அப்படி ஒண்டு இருந்ததா? கோட்டைக்குள்ளயா, பள்ளிக்கூட மண்டபத்திலயா? மார்கழி மழைக்க வெட்டையில நிண்டிருக்கமாட்டாங்க.

அம்மப்பா, அப்பப்பா ஆரும் சீருடையோட நிக்கிற படம் வீட்டில இருந்தா, பின்பக்கத்தையும் சேர்த்து எடுத்து அனுப்புங்க. அம்பாறைப் பக்கத்து ஆக்களும் தேடிப் பாருங்க. லண்டன் பக்கம் இருக்கிறவங்க, கிட்டடியில பழைய ட்ரில் மண்டபம் இருந்தா வாசல் கல்லில பொறிச்ச வருசம் தெரியிற மாதிரி ஒரு படம் தாங்க.

"எங்கயோ இருந்ததாம்" எண்ட பதில் மட்டும் வேணாம், அது என்னட்ட நிறைய இருக்கு.